படிக்கட்டு யாருக்குச் சொந்தம்?

காலை மணி ஆறு. அடுப்பில் உலை வைக்க வேண்டும். பிள்ளைகளைக் குளிப்பாட்டிப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்ப வேண்டும். குழாயைத் திறந்தால் தண்ணீர் வரவில்லை. "புஸ்" என்று காற்றுதான் வருகிறது!

பன்னிரண்டு குடித்தனங்கள் உள்ள மாடிக் கட்டிடம் அது. கீழே ஒரு தொட்டி. மொட்டை மாடியில் ஒரு தொட்டி. தண்ணீரை மேலே ஏற்ற ஒரு மோட்டார். அந்த மோட்டார் இரவில் எரிந்துவிட்டது.

எல்லோரும் படிக்கட்டில் கூடிவிட்டார்கள்.

"வேறு மோட்டார் போட வேண்டியதுதான். வீட்டுக்கு இவ்வளவு என்று பிரித்துக் கொள்வோம்" என்றார் இரண்டாம் மாடிக்காரர்.

"என் வீட்டில் நானும் என் சம்சாரமும்தான் தம்பி. ஆறு பேர் உள்ள வீட்டுக்கும் எனக்கும் ஒரே கணக்கா?" என்றார் முதல் மாடிப் பெரியவர்.

"நாங்கள் வாடகைக்கு இருக்கிறோம் அண்ணே. வீட்டுக்காரரைத்தான் கேட்க வேண்டும்" என்றார் மூன்றாம் மாடி அம்மா.

"இது கட்டிக் கொடுத்தவர் போட்ட மோட்டார். வீடு வாங்கி மூன்று வருஷம்கூட ஆகவில்லை. அவர்தான் மாற்றித் தர வேண்டும்" என்றார் இன்னொருவர்.

நான்கு பேர், நான்கு நியாயங்கள். யார் சொன்னதையும் தள்ளிவிட முடியாது. ஆனால் பானையில் தண்ணீர் இல்லை!

கல்லூரியில் படிக்கும் பெண் ஒருத்தி மெதுவாகக் கேட்டாள்: "பத்திரத்தில் என்ன எழுதி இருக்கிறது, மாமா?"

ஒருவரும் பதில் சொல்லவில்லை. பத்திரம் எல்லோரிடமும் இருந்தது. பீரோவில் பத்திரமாக இருந்தது. படித்தவர்தான் யாரும் இல்லை.

இது ஏதோ ஒரு கட்டிடத்தின் கதை அல்ல. சென்னை, கோவை, மதுரை, திருச்சி என்று எந்த ஊரிலும் எந்த மாடிக் குடியிருப்பிலும் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். சண்டைக்குக் காரணம் மோட்டார் அல்ல. பொதுவான பொருளைப் பற்றி முன்கூட்டியே பேசி, எழுதி, படித்து வைக்காததுதான் காரணம்.

எது பொது?

தனி வீட்டில் இந்தத் தொல்லை இல்லை. கூரை ஒழுகினால் வீட்டுக்காரர் ஓடு மாற்றுவார். கிணறு வற்றினால் அவரே தூர் எடுப்பார். மாடிக் குடியிருப்பில் அப்படி அல்ல. ஒரு குடும்பம் வாங்குவது நான்கு சுவர்களை மட்டும் அல்ல. அந்தச் சுவர்களுக்கு வெளியே உள்ளதிலும் ஒரு பங்கை வாங்குகிறது.

எவை அந்தப் பொதுப் பொருள்கள்? 2016-ம் ஆண்டு மத்திய அரசு கொண்டு வந்த ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் இதைத் தெளிவாகச் சொல்கிறது. படிக்கட்டு, லிப்ட், நடை, வாசல், தீப்பிடித்தால் தப்பிக்கும் வழி, மொட்டை மாடி, தரைக்குக் கீழே உள்ள தளம், பூங்கா, பிள்ளைகள் விளையாடும் இடம், திறந்தவெளியில் வண்டி நிறுத்தும் இடம், காவலாளி தங்கும் அறை, தண்ணீர்த் தொட்டி, மோட்டார், மின்சாரம், சாக்கடை ஆகியவற்றுக்கான பொது ஏற்பாடுகள் - இவை எல்லாம் பொது.

கட்டிடம் நிற்கும் நிலமும் பொதுதான். பத்திரத்தில் "பிரிபடாத பாகம்" என்று ஒரு சொல் வரும். நிலத்தில் இந்தக் குடும்பத்துக்கு இவ்வளவு சதுர அடி பங்கு உண்டு. ஆனால் அதைத் தனியாகப் பிரித்து வேலி போட முடியாது என்று அதற்குப் பொருள்.

பொது என்றவுடன் பலரும் "நமக்கு என்ன?" என்று நினைத்து விடுகிறார்கள். வீட்டுக்குள் ஒரு தூசி இருந்தால் பொறுக்காதவர், படிக்கட்டில் குப்பைப் பையை வைத்துவிட்டுப் போகிறார். பொது என்றால் யாருக்கும் சொந்தம் இல்லாதது என்று அவர் எண்ணுகிறார். அது தவறு. பொது என்றால் எல்லோருக்கும் சொந்தம். எல்லோரும் பணம் கொடுத்து வாங்கியது!

அந்தக் காலத்து ஏற்பாடு

பொதுப் பொருளுக்கு விதி எழுதுவது தமிழ்நாட்டுக்குப் புதிது அல்ல. காஞ்சிபுரம் மாவட்டத்தில் உத்திரமேரூர் இருக்கிறது. அங்கே முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் உள்ளன. 919, 921-ம் ஆண்டுகளில் வெட்டியவை. ஊர் முப்பது குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் போட்டு ஆள்களைத் தேர்ந்தெடுத்தார்கள். ஏரியைப் பார்த்துக் கொள்ள ஏரி வாரியம். தோட்டங்களைப் பார்த்துக் கொள்ளத் தோட்ட வாரியம்.

அந்தக் கல்வெட்டில் ஒரு விதி உண்டு. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவரின் பெயரைக் குடத்தில் போடக் கூடாது. அவருடைய நெருங்கிய உறவினர் பெயரையும் போடக் கூடாது!

அந்த முறையில் எல்லோருக்கும் இடம் இருக்கவில்லை. நிலமும் படிப்பும் உள்ள ஆண்களுக்கே இடம் இருந்தது. அந்தக் குறை வேண்டாம். ஆனால் "பொதுப் பணத்துக்குக் கணக்குக் காட்ட வேண்டும்" என்ற பாடம் ஆயிரம் ஆண்டு கழிந்தும் பழையதாகிவிடவில்லை.

கிராமத்துப் பத்திரங்களிலும் இந்தப் பழக்கம் உண்டு. நிலம் விற்கும்போது "கிணற்றில் இவ்வளவு பங்கு, வண்டி போக இந்தத் தடம்" என்று எழுதுவார்கள். வாய்க்கால் தண்ணீருக்கு முறை வைப்பார்கள். மடையை யார் எப்போது திறப்பது என்று ஊரே அறியும். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டனுக்குக்கூடத் தன் கிணற்றுப் பங்கு தெரியும். படித்த பேரனுக்குத் தன் மாடி வீட்டுப் பங்கு தெரியவில்லை என்றால் அது வியப்புத்தானே?

வாங்கும் முன்பே பார்க்க வேண்டியது

பேச்சு நடக்கும்போது எல்லாம் இனிக்கும். "லிப்ட் உண்டா?" "உண்டு சார்." "தண்ணீர் நன்றாக வருமா?" "வற்றாத தண்ணீர் சார்." பணம் கொடுத்த பிறகுதான் உண்மை தெரியும். வாய்ப் பேச்சு காற்றோடு போகும். எழுத்துதான் நிற்கும்.

சட்டம் இங்கே துணைக்கு வருகிறது. நிலப்பரப்பு 500 சதுர மீட்டரைத் தாண்டி, வீடுகளும் எட்டைத் தாண்டினால், அந்தத் திட்டத்தைக் கட்டுகிறவர் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு செய்ய வேண்டும். அப்படிப்பட்டவர், விலையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் முன்பணம் வாங்க வேண்டும் என்றால் முதலில் எழுத்தில் ஒப்பந்தம் போட வேண்டும். அதைப் பதிவும் செய்ய வேண்டும். ஐம்பது லட்சம் ரூபாய் வீடு என்றால், ஐந்து லட்சத்துக்கு மேல் ஒப்பந்தம் இல்லாமல் கேட்கக் கூடாது. என்னென்ன கட்டித் தருவார், எந்தத் தரத்தில் கட்டுவார், என்று சாவி கொடுப்பார் என்பதெல்லாம் அந்த ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும்.

இன்னும் சில பாதுகாப்புகளும் உண்டு.

பொது இடத்தின் வரைபடத்தை மாற்ற வேண்டும் என்றால் வீடு வாங்கியவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் முன்கூட்டி எழுத்தில் சம்மதம் கொடுக்க வேண்டும். பூங்கா என்று காட்டிய இடத்தில் கட்டியவர் தம் இஷ்டம்போல் கடை கட்ட முடியாது.

வீட்டைக் கையில் கொடுத்த நாளில் இருந்து ஐந்து ஆண்டுக்குள் கட்டுமானத்திலோ, வேலைப்பாட்டிலோ, தரத்திலோ, வசதிகளைச் செய்து கொடுத்ததிலோ குறை தெரிந்தால், கட்டியவர் காசு வாங்காமல் சரி செய்து தர வேண்டும். அதற்கு முப்பது நாள் கெடு.

குடியிருப்போர் சங்கம் பொறுப்பை ஏற்கும் வரை, நியாயமான கட்டணத்துக்கு, அவசிய வசதிகளை நடத்திக் கொடுக்க வேண்டியதும் கட்டியவர் கடமைதான். பொது இடங்களின் உரிமையைச் சங்கத்தின் பெயருக்கு எழுதிக் கொடுக்க வேண்டியதும் அவர் கடமை.

வண்டி நிறுத்தும் இடத்தைப் பற்றியும் ஒரு தீர்ப்பு உண்டு. மராட்டிய மாநில வழக்கு ஒன்றில் 2010-ம் ஆண்டு சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொன்னது. தூண்களுக்கு நடுவே வண்டி நிறுத்தும் இடம் கட்டிடத்தின் பொது இடம்தான். அதைத் தனி வீட்டைப் போலக் கட்டியவர் விற்க முடியாது என்பது தீர்ப்பு.

"எல்லாம் அவர்கள் அச்சடித்த படிவம், கையெழுத்துப் போட்டாகிவிட்டது, இனி என்ன செய்வது?" என்று சிலர் ஏங்குவார்கள். அதற்கும் பதில் உண்டு. வீடு வாங்குகிறவர் வேறு வழி இல்லாமல் கையெழுத்துப் போட்ட ஒருதலைப்பட்சமான நிபந்தனைகள் அவரைக் கட்டுப்படுத்தாது என்று 2019-ம் ஆண்டு சுப்ரீம் கோர்ட்டு கூறியது. ஆனாலும் கோர்ட்டுப் படி ஏறுவதைவிட, கையெழுத்துக்கு முன் ஒரு நாள் உட்கார்ந்து படிப்பது மேல் அல்லவா?

"நன்றாக" என்றால் எவ்வளவு?

பெரும்பாலான ஒப்பந்தங்களில் "பொது வசதிகளை நல்ல முறையில் பராமரிக்க வேண்டும்" என்று ஒரு வரி இருக்கும். படிக்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் எது நல்ல முறை? ஒருவருக்கு மாதம் ஒரு முறை படிக்கட்டைப் பெருக்குவது நல்ல முறை. இன்னொருவருக்குத் தினமும் பெருக்க வேண்டும். அங்கேதான் சண்டை பிறக்கிறது.

ஆற்றில் போட்டாலும் அளந்து போட வேண்டும் என்பது பழமொழி. பொது வசதிக்கும் அளவு வேண்டும்.

தண்ணீரை எடுத்துக் கொள்ளலாம். நகரத்தில் சாக்கடை வசதி உள்ள இடங்களில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் தேவை என்பது குடிநீர்த் திட்டங்களில் கையாளும் கணக்கு. பன்னிரண்டு வீடு. வீட்டுக்கு நான்கு பேர். மொத்தம் 48 பேர். ஒரு நாளைக்கு 6,480 லிட்டர் வேண்டும். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால், தொட்டி போதுமா, கோடையில் எத்தனை லாரித் தண்ணீர் வாங்க வேண்டும் என்பது முன்பே தெரிந்துவிடும்.

தண்ணீர் இருந்தால் மட்டும் போதாது. தரம் வேண்டும். குடிநீருக்கு இந்தியத் தரநிர்ணயம் உண்டு. கரைந்துள்ள உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். வேறு தண்ணீரே கிடைக்காத இடத்தில் 2,000 வரை பொறுத்துக் கொள்ளலாம். மலத்தில் இருந்து வரும் ஈ-கோலி கிருமி 100 மில்லி லிட்டரில் ஒன்றுகூட இருக்கக் கூடாது. "தொட்டியை அவ்வப்போது கழுவ வேண்டும்" என்று எழுதுவதைவிட, "ஆறு மாதத்துக்கு ஒரு முறை கழுவ வேண்டும், கழுவிய தேதியைப் பலகையில் எழுத வேண்டும், ஆண்டுக்கு ஒரு முறை தண்ணீரைச் சோதனைக்கு அனுப்ப வேண்டும்" என்று எழுதுவதே விதி. கைக்குழந்தை உள்ள வீட்டுக்கு இது சின்ன விஷயம் அல்ல.

லிப்டும் அப்படித்தான். தமிழ்நாட்டில் லிப்டுக்கு 1997-ம் ஆண்டுச் சட்டம் உண்டு. உரிமம் இல்லாமல் ஓட்டக் கூடாது. எத்தனை பேர் ஏறலாம் என்பது உள்ளே எழுதி இருக்க வேண்டும். பழுது பார்க்கும் கம்பெனியோடு போடும் ஆண்டு ஒப்பந்தத்தில் சில கேள்விகளுக்குப் பதில் இருக்க வேண்டும். மாதம் எத்தனை முறை வருவார்கள்? நடுவில் ஆள் சிக்கிக் கொண்டால் எத்தனை நிமிடத்தில் வருவார்கள்? எந்த உதிரிப் பாகம் ஒப்பந்தத்தில் சேரும், எது சேராது? பிள்ளை லிப்டில் சிக்கி அழும்போது அந்தக் காகிதத்தைத் தேடிப் பயன் இல்லை.

யார் எவ்வளவு கொடுப்பது?

பணம்தான் பெரிய வம்பு. வழக்கத்தில் உள்ள முறைகள் இரண்டு. வீட்டுக்கு ஒரே தொகை என்பது ஒன்று. சதுர அடிக்கு இவ்வளவு என்பது இன்னொன்று.

ஒரு கணக்கைப் பார்க்கலாம். 600 சதுர அடியில் ஆறு வீடுகள். 1,200 சதுர அடியில் ஆறு வீடுகள். சதுர அடிக்கு மூன்று ரூபாய் என்றால் சின்ன வீடு ரூ.1,800 கொடுக்கும். பெரிய வீடு ரூ.3,600 கொடுக்கும். மொத்தம் ரூ.32,400. இதையே பன்னிரண்டு வீட்டுக்கும் சமமாகப் பங்கிட்டால், வீட்டுக்கு ரூ.2,700. சின்ன வீட்டுக்காரருக்கு மாதம் 900 ரூபாய் அதிகம்!

ஆகவேதான் முறையை முதலிலேயே தீர்மானிக்க வேண்டும். பத்திரமும் சட்டமும் என்ன சொல்கின்றன என்று பார்த்து, சங்கத்தின் விதியில் எழுதிவிட வேண்டும். தண்ணீருக்கு வீட்டுக்கு ஒரு மீட்டர் வைத்தால், இரண்டு பேர் உள்ள வீடும் ஆறு பேர் உள்ள வீடும் சண்டை போட வேண்டியதில்லை. "நான் தரைத் தளத்தில் இருக்கிறேன்; லிப்டுக்கு ஏன் காசு?" என்ற கேள்வியும் வரும். "மொட்டை மாடி ஒழுகினால் எனக்கு என்ன?" என்று இரண்டாம் மாடிக்காரர் கேட்கலாம். "கீழே சாக்கடை அடைத்தால் எனக்கு என்ன?" என்று மேல் மாடிக்காரர் கேட்கலாம். இப்படி ஒவ்வொருவரும் கையை விட்டால் கட்டிடம் நிற்குமா? ஊர் கூடி இழுத்தால்தான் தேர் நகரும்.

மாதச் செலவு மட்டும் போதாது. சேமிப்பும் வேண்டும். பன்னிரண்டு வீடும் மாதம் 500 ரூபாய் தனியாக ஒதுக்கினால் ஆண்டுக்கு ரூ.72,000 சேரும். பத்து ஆண்டில் வட்டி இல்லாமலே ஏழு லட்சத்து இருபதாயிரம் ரூபாய்! லிப்டு பழுதானாலும், சுவருக்கு வர்ணம் பூச வேண்டி வந்தாலும், அன்று யாரும் கடன் வாங்க வேண்டியதில்லை.

கணக்குப் பார்த்தால் பிணக்கு வரும் என்று சிலர் பயப்படுகிறார்கள். உண்மையில் கணக்குக் காட்டாத இடத்தில்தான் பிணக்கு வருகிறது. மாதா மாதம் வரவு செலவை ஒரு தாளில் எழுதிப் படிக்கட்டுச் சுவரில் ஒட்டினால் போதும். பாதிச் சண்டை தீரும்.

தமிழ்நாட்டில் இதற்கெனவே 1994-ல் அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமையாளர் சட்டம் வந்தது. அதற்குப் பதிலாக 2022-ம் ஆண்டுச் சட்டம் இயற்றப்பட்டு, 2024-ல் நடைமுறைக்கு வந்தது. சங்கம், அதன் விதிகள், பொதுச் செலவு ஆகியவற்றுக்கு இந்தச் சட்டமே அடிப்படை.

வாடகைக்கு இருப்பவர்

"நாங்கள் வாடகைக்கு இருக்கிறோம்" என்று ஒதுங்குவோரும் உண்டு. அவர்களுக்கும் படிக்கட்டு வேண்டும். விளக்கு வேண்டும். தண்ணீர் வேண்டும்.

தமிழ்நாட்டின் 2017-ம் ஆண்டு வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்தது. வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும் என்கிறது அது. எந்தப் பழுதை யார் பார்ப்பது என்றும் பட்டியல் போட்டுக் கொடுத்திருக்கிறது. கட்டிடத்தின் பெரிய பழுது, வெள்ளை அடிப்பது, குழாய்ப் பாதையை மாற்றுவது, மின்சாரக் கம்பி இழுப்பது - இவை வீட்டுக்காரர் பொறுப்பு. குழாய் வாஷர், சுவிட்சு, கதவுப் பூட்டு, ஜன்னல் கண்ணாடி - இவை குடியிருப்பவர் பொறுப்பு. வேறு விதமாக இருவரும் ஒத்துக் கொண்டால் அதை எழுதிக் கொள்ளலாம்.

இன்னொன்றும் முக்கியம். வாடகைத் தகராறு என்பதற்காகத் தண்ணீரையோ, மின்சாரத்தையோ, படிக்கட்டு விளக்கையோ வீட்டுக்காரர் நிறுத்தக் கூடாது. கோபம் வந்தவுடன் குழாயை மூடுவது சட்டப்படியும் தவறு, நியாயப்படியும் தவறுதான்.

தொட்டிக்குள் இறங்கும் மனிதன்

ஒப்பந்தங்களில் பெயரே வராத ஒரு மனிதன் உண்டு. கழிவுநீர்த் தொட்டி நிரம்பி வழிந்தால்தான் அவன் நினைவு வரும். யாரோ ஒருவரிடம் சொல்லி விடுவார்கள். அவர் இன்னொருவரை அழைத்து வருவார். இடுப்பில் ஒரு கயிறு. கையில் ஒரு வாளி. மூடியைத் திறந்து இறங்கச் சொல்வார்கள்.

தொட்டிக்குள் விஷ வாயு இருக்கும். ஹைட்ரஜன் சல்பைடு என்று அதற்குப் பெயர். கொஞ்சமாக இருந்தால் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அதிகமாக இருந்தால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது! நாற்றம் இல்லையே என்று இறங்குகிறவன் மயங்கி விழுகிறான். அவனைத் தூக்க இறங்குகிறவனும் விழுகிறான். இப்படித்தான் ஒரே தொட்டியில் இரண்டு, மூன்று பேர் மாண்டு போகிறார்கள்.

2013-ம் ஆண்டுச் சட்டம் இதைத் தடுத்திருக்கிறது. பாதுகாப்பு இல்லாமல் சாக்கடையிலோ கழிவுநீர்த் தொட்டியிலோ மனிதரை இறக்குவது குற்றம். முதல் முறையே இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே கிடைக்கலாம். இறந்தவர் குடும்பத்துக்குப் பத்து லட்சம் ரூபாய் கொடுக்க வேண்டும் என்று 2014-ல் சொன்ன சுப்ரீம் கோர்ட்டு, சாக்கடையில் உயிர் இழப்போர் குடும்பத்துக்கு அந்தத் தொகையை 2023-ல் முப்பது லட்சமாக உயர்த்தியது.

பணம் கொடுத்தால் போன உயிர் வருமா? வராது. ஆகவே பன்னிரண்டு வீட்டுக்காரர்களும் எழுத வேண்டிய முதல் விதி இதுவாக இருக்கட்டும்: "கழிவுநீர்த் தொட்டியில் எந்தக் காரணத்துக்காகவும் மனிதர் இறங்கக் கூடாது. உரிமம் பெற்ற இயந்திர வண்டியே வர வேண்டும்." இரண்டாயிரம் ரூபாய் மிச்சம் பிடிக்க ஒரு குடும்பத்தின் விளக்கை அணைக்கலாமா?

இவ்விடத்தில் இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். சில கட்டிடங்களில் "வேலை செய்வோர் லிப்டில் ஏறக் கூடாது" என்று பலகை தொங்குகிறது. நான்காம் மாடிக்குத் தண்ணீர்க் கேன் சுமந்து வருகிறவரும், பாத்திரம் துலக்க வரும் வயதான அம்மாவும் படி ஏற வேண்டுமாம்! பொதுக் கிணற்றில் எல்லோரும் தண்ணீர் எடுக்கலாம் என்பதற்கே இந்த நாட்டில் போராட வேண்டி இருந்தது. 1927-ல் மகாட் குளத்தில் தண்ணீர் அருந்தும் உரிமைக்காக அம்பேத்கர் மக்களைத் திரட்டிச் சென்றார். பொதுக் கிணறு, குளம், சாலை ஆகியவற்றில் ஜாதி, மதம் பார்த்து யாரையும் தடுக்கக் கூடாது என்று அரசியல் சட்டத்தின் 15-வது பிரிவு சொல்கிறது. அந்தக் குளத்தில் இருந்த தடை, லிப்டு வாசலில் வேறு உருவத்தில் திரும்பி வரலாமா? விதி எழுதுவது மனிதரை விலக்கி வைப்பதற்கு அல்ல. கூடி வாழ்வதற்கே.

செய்ய வேண்டியது என்ன?

இது வசதி உள்ளவர்கள் விஷயம் என்று யாரும் எண்ண வேண்டாம். 1970-ல் குடிசை மாற்று வாரியம் தொடங்கியது. 2021-ல் அதற்கு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாறியது. அந்த வாரியம் கட்டிய மாடி வீடுகளிலும் படிக்கட்டு உண்டு, தொட்டி உண்டு, மோட்டார் உண்டு. அங்கே வாழும் குடும்பங்களுக்கும் இதே உரிமை, இதே பொறுப்பு.

செலவு இல்லாத வழிகள் சில உண்டு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பத்திரத்தை வெளியே எடுத்து, வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து வாய்விட்டுப் படிக்க வேண்டும். பள்ளிக்குப் போகும் பிள்ளை படிக்கட்டும், தாத்தா கேட்கட்டும். புரியாத சொல்லைக் கோடிட்டு, தெரிந்தவரிடம் கேட்க வேண்டும். கேட்பதில் வெட்கம் இல்லை. படிக்காமல் கையெழுத்துப் போடுவதில்தான் ஆபத்து இருக்கிறது.

சங்கக் கூட்டத்துக்கு ஆண்கள் மட்டும் போனால் போதாது. தண்ணீர் எப்போது நின்றது, படிக்கட்டு விளக்கு எத்தனை நாளாக எரியவில்லை என்பது வீட்டில் உள்ள பெண்களுக்குத்தான் தெரியும். அவர்கள் பேச வேண்டும்.

விதிகளைச் சட்ட மொழியில் பத்துப் பக்கம் எழுத வேண்டாம். எளிய தமிழில் ஒரு தாளில் எழுதலாம். எது பொது, யார் எவ்வளவு கொடுப்பது, எதை எத்தனை நாளுக்கு ஒரு முறை செய்வது, பழுதானால் யாரிடம் சொல்வது, கணக்கை எப்போது காட்டுவது என்ற ஐந்துக்கும் பதில் இருந்தால் போதும். கட்டியவரிடம் குறை இருந்தால் எழுத்தில் கேட்க வேண்டும். கேட்டும் நடக்காவிட்டால், சங்கமே ஒழுங்குமுறை ஆணையத்தில் முறையிடலாம்.

எரிந்துபோன அந்த மோட்டாருக்குத் திரும்புவோம். பத்திரத்தை எடுத்துப் படித்திருந்தால் என்ன நடந்திருக்கும்? வீட்டைக் கையில் வாங்கி மூன்று ஆண்டுகூட ஆகவில்லை. மோட்டாரின் தரத்தில் குறை என்றால், முப்பது நாளுக்குள் சரி செய்யச் சொல்லிக் கட்டியவருக்குக் கடிதம் போகும். அதுவரை தாகத்தோடு இருக்க முடியாது. சேமிப்பில் இருந்து பணம் எடுத்து அன்றே வேறு மோட்டார் வாங்குவார்கள். வாடகைக்கு இருக்கும் அம்மா வீட்டுக்காரருக்கு ஒரு வார்த்தை சொல்வார். முதல் மாடிப் பெரியவரின் கேள்விக்குத் தண்ணீர் மீட்டர் பதில் சொல்லும். பத்து மணிக்குக் குழாயில் தண்ணீர் வந்திருக்கும்!

படிக்கட்டு யாருக்குச் சொந்தம்? அதில் ஏறி இறங்கும் எல்லோருக்கும் சொந்தம். அந்தப் பெண் கேட்ட கேள்வியை ஒவ்வொரு வீட்டிலும் யாராவது ஒருவர் இன்றே கேட்கட்டும். பீரோவில் தூங்கும் பத்திரம் வெளியே வரட்டும்.